கை நனைக்காத அண்ணன்

பாயா ரும்புட் ஊர்க்காரி நளினி யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டு இங்கிலீஷில் எழுதிவிட்டால், அவள் கையால் ஒரு வாய் சாப்பிடும்வரை அந்த ஆளுக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்காது. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் இது ஆரம்பித்தது. இமெயிலை முடிக்கும்போது 'லெட்ஸ் ஹேவ் லன்ச் சம்டே' என்று போட்டால்தான் மரியாதை என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படி எழுதுகிற எவனும் சோறு போடுவதில்லை, படிக்கிறவனும் வருவதில்லை. நளினி எழுதினாள், வந்துவிட்டார்கள்! மெயில் கிடைத்த செர்காம் ஊர் மீன் வியாபாரி ஒருவர் கன்னம் ஒட்டிப்போய், ஒரு பை நண்டோடு வாசலில் நின்றார். அதன்பிறகு அவள் உஷார். 'டின்னர்' என்று எழுதினால் சோறு குழம்பு வேண்டும், 'டீ' என்றால் நாலு பிஸ்கட்டோடு தப்பிக்கலாம். ஸ்டைலாக 'ப்ரஞ்ச்' என்று எழுதிப் பட்ட பாடு போதும்: பத்து மணிக்கு வந்த மேனேஜர் காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். "எக்ஸ்ட்ரா கேஸ் தோங் ஒன்னு வாங்கி வைலா" என்று அடுப்படி சிலிண்டரைக் காட்டிச் சொன்னான் புருஷன் காந்தன், அவ்வளவுதான்.

ஒருத்தரை மட்டும் அவள் எழுதிக் கூப்பிட்டதே இல்லை. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அண்ணன் சுகுமாரன், அம்மாவின் கருமாதியன்று வாய்ச்சண்டை முற்றி, சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு, "இனிமே உன் வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று எழுந்து போனவர். இப்போது நளினியின் மகள் ஷாந்தினிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாத கல்யாணமா? போன் அடித்தாள், எடுக்கவில்லை. ஆத்திரமும் ஆசையுமாக 'ப்ளீஸ் கம் ஃபார் டின்னர்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள். மனுஷன் வரவில்லை. வீம்பென்றால் அப்படியொரு வீம்பு. மறுநாள் அண்ணி மலர்க்கொடிதான் அழுதுகொண்டே கூப்பிட்டாள்: "நளினி, உங்க அண்ணனுக்குத் தண்ணிகூட இறங்கலம்மா. செத்தாலும் வரமாட்டேங்கிறாரு!"

ஐயோ, கூடப்பிறந்தவனை நானே கொன்றுவிடுவேனோ என்று பதறினாள் நளினி. ரசஞ்சோற்றைப் பிசைந்து தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு காரை விரட்டினாள். சோபாவில் துவண்டு கிடந்த சுகுமாரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் உருட்டிய கவளத்தை நீட்டியபடியே நின்றாள். அவர் ஓரக்கண்ணால் சட்டியைப் பார்த்துவிட்டு, "உன் வீட்லதான் கை நனைக்க மாட்டேன்னேன். இது என் வீடு" என்று சொல்லி வாயைத் திறந்தார். சட்டி காலியாகும்வரை அண்ணனும் தங்கையும் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டே அழுதார்கள்.

கல்யாணப் பத்திரிகையை நளினி முழுக்கத் தமிழில் அடித்தாள். அதற்கு யாரையும் கட்டி இழுக்கும் சக்தி கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்தும் விடியாததுமாக, அவள் வீட்டுக் குழாயடியில் சுகுமாரன் கை கழுவிக்கொண்டிருந்தார், தோசை ஆச்சா என்று கேட்டபடி.