ஏழு பங்கு கடல்

படிவத்தின் ஏழாவது கட்டத்துக்கு ‘தவறுக்குப் பொறுப்பானவர்’ என்று தலைப்பு. அதில் ‘விமல், சாம்பிள் எடுப்பவர்’ என்று பகலவன் தட்டச்சே செய்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது அன்புக்கரசி போட வேண்டிய கையெழுத்து.

“நாலு மணிக்கு இது மெயில்ல போயாகணும் அன்பு. ஆடிட்காரங்க அதுக்கு மேல டைம் தர மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் பகலவன் தன் அறைக்குப் போனார். காலை ஒன்பதரைதான் ஆகியிருந்தது. அதற்குள் மனிதர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்.

டோல்கேட் அருகே ஒரு மாடியில் இருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் அது. பகலவன் மேலாளர். அன்புக்கரசி தரப் பொறுப்பாளர். வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து படித்து மேலே வந்தவள், ஒரு எண் தவறாக இருந்தால் அன்று சாப்பாடு இறங்காத ரகம். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் பின்புறமாக ஓடிக் கழிமுகத்தில் விழும் ஓடையை மாதம் ஒருமுறை சோதித்து அறிக்கை தருவது அவர்கள் வேலைகளில் ஒன்று. இரண்டு வருடங்களில் இருபத்து நான்கு அறிக்கைகள். எல்லாவற்றுக்கும் கீழே அவள் கையெழுத்து.

இருபத்து மூன்று மாதங்கள் விமல்தான் போய் ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்தான். அம்மோனியா ஐந்து, ஐந்தரை, ஐந்து என்று எப்போதும் எல்லைக்குள் படுத்துக் கிடந்தது. போன மாதம் தங்கை கல்யாணத்துக்காக அவன் லீவு போட, அலெக்ஸாண்டர் போனான். அம்மோனியா நாற்பத்தொன்று. இந்தப் பாய்ச்சலுக்கு யார் பொறுப்பு என்று ஆடிட்காரர்கள் விளக்கம் கேட்டார்கள்.

முதலில் அலெக்ஸாண்டரைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். பாட்டில் அழுக்கா, கருவி கோளாறா, மருந்து பழசா என்று அன்புக்கரசி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். மீதமிருந்த தண்ணீரை மூன்று முறை சோதித்தாள். தெரிந்த அளவு அம்மோனியாவைக் கலந்து கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரி. அலெக்ஸாண்டரோ, சேற்றில் மாட்டிய தன் செருப்பைப் பற்றித்தான் அந்த வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தான்.

பிறகுதான் அவள் உப்பைப் பார்த்தாள். உப்பு மீட்டர் கடல் தண்ணீருக்கு ஐம்பது காட்டும். அலெக்ஸாண்டரின் பாட்டில் ஒன்பது. விமலின் பாட்டில்கள் அத்தனையும் நாற்பத்தைந்துக்குப் பக்கம். “இது ஓடைத் தண்ணி மாதிரியே இல்ல சார், கடல் தண்ணி மாதிரி இருக்கு” என்று பகலவனிடம் போய்ச் சொன்னதும் அவளேதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஓடைக்குப் போகாமலே காசிமேட்டுக் கடற்கரையில் பாட்டிலை முக்கி எடுத்துவந்து இரண்டு வருடம் ஏமாற்றியிருக்கிறான், முடிந்தது கதை. இந்தப் பெயரோடு வெளியே போனால் எந்தக் கூடமும் விமலை வாசலில்கூட நிற்க விடாது. அவன் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவன்.

நெருப்பை வைத்தவள் தான் என்பது அன்புக்கரசியை அரித்தது. கையெழுத்துக்கு முன் ஒருமுறை விமலின் களக் குறிப்பேட்டைப் புரட்டினாள். காலை ஆறே முக்கால், பதினொன்று, மாலை ஐந்து என்று நேரங்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. பொய் எழுதுகிறவன் ஒழுங்காகவல்லவா எழுதுவான்? மாதாமாதம் பத்து மணி என்று போட்டுவிட்டுப் போயிருப்பானே.

இரண்டு இடத்தில் கண் நின்றது. ஒருமுறை பாட்டில் உடைந்து மறுநாளும் போயிருக்கிறான்: முதல் நாள் 6.40, மறுநாள் 7.30. இன்னொருமுறை மூடி ஒழுகி மறுபடி போனான்: 9.10, மறுநாள் 10.00. இரண்டு தடவையும் சரியாக ஐம்பது நிமிடம் தள்ளி.

அவள் கீழே ஓடினாள். விமல் டீக்கடை ஓரத்தில், ஆறிப்போன கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“டைம இன்னாத்துக்கு மாத்தி மாத்திப் போட்டுக்கீற?” என்று கேட்டாள். கோபத்தில் அவளுக்கு ஆபீஸ் தமிழ் மறந்துவிடும்.

“நான் எங்கக்கா மாத்துனேன்? தண்ணி மாத்துது” என்றான் விமல். “ஓடை வாய்ல சாம்பலும் சேறும் ரொம்பிக் கீது. தண்ணி ஏறினாதான் படகு உள்ள போவும். தினம் முக்கா மணி, ஒரு மணி தள்ளித் தள்ளி ஏறும். அதப் பாத்துகினு மாமா படகுல போவேன்.”

“அலெக்ஸாண்டர்?”

“அவுருக்குப் படகுன்னாலே பயம். குழாய் போற கரை மேல நடந்தே பூட்டாரு. நடக்கணும்னா தண்ணி வத்தியிருக்கணும்.”

“இத ஏன்டா நீ சொல்லவே இல்ல?”

“யாரும் கேக்கவே இல்லியே” என்றான் அவன்.

அப்படியானால் விமல் போனதெல்லாம் கடல் ஓடைக்குள் ஏறும் நேரம் என்று அன்புக்கரசிக்குப் புரிந்தது. ஆனால் சொன்னால் போதாது. பகலவன் எண் கேட்பார். இன்றே, நாலு மணிக்குள், ஒரே இடத்தில் நின்று தண்ணீர் இறங்க இறங்க அளந்தாக வேண்டும். உப்பு மீட்டரையும் அம்மோனியா காட்டும் தாள் பட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு விமலின் பைக்கில் ஏறினாள். “இன்னிக்கு எப்ப ஏத்தம்?” என்று கேட்டதற்கு, “இப்பதான் ஏறி முடிஞ்சிது, மூணரைக்கு அடியோட வத்திடும்” என்று அவன் கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் சந்து பொந்துகளில் நுழைந்து போகும்போது அவள் முழங்கால் இரண்டு முறை இரும்பில் உரசியது.

விமலின் மாமா திருமலை படகோடு காத்திருந்தார். அறுபதைத் தொட்டவர், முழங்காலுக்குக் கீழே கால் முழுக்கப் புண்ணும் தழும்புமாக இருந்தது. எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை, கழியை ஊன்றினார்.

பதினொன்று இருபதுக்கு ஓடை வாயை அடைந்தார்கள். அன்புக்கரசி மீட்டரை இறக்கினாள். நாற்பத்து மூன்று. தாள் பட்டை லேசாக மஞ்சள் ஏறியதோடு நின்றது. எல்லைக்குள். விமலின் மாதாந்திரத் தண்ணீர் அப்படியே இருந்தது.

“பாத்தியாக்கா, நான் இங்கதான் வந்தேன்” என்றான் விமல்.

“இரு” என்றாள் அவள்.

இருந்தார்கள். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு. பன்னிரண்டரைக்கு இருபத்தெட்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. படகின் அடி சேற்றில் உரசி, ஒருபக்கம் சாய்ந்து, உட்கார்ந்துவிட்டது. இனி மாலை வரை அது அசையாது என்றார் திருமலை. அவள் படகைவிட்டு இறங்க, சாம்பல் நிறச் சேறு முழங்கால்வரை இழுத்தது. ஒரு மணிக்குப் பதினெட்டு. கடல் பின்வாங்கப் பின்வாங்க ஓடை தன் சொந்த முகத்தைக் காட்டியது. மூத்திரச் சந்தில் நுழைந்ததுபோல நெடி மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. அவள் ஒவ்வொரு எண்ணையும் படம் பிடித்தாள்.

இரண்டு மணிக்கு ஒன்பது. அலெக்ஸாண்டரின் அதே ஒன்பது. தாள் பட்டையை முக்கினாள். அது முழுக்கக் கரும்பச்சையாகி, அளவு அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டியது.

கணக்கை அவள் அங்கேயே மனதுக்குள் போட்டாள். கடல் ஐம்பது, ஓடை ஒன்பது, விமலின் பாட்டில் நாற்பத்தைந்து என்றால் அதில் எட்டில் ஒரு பங்குதான் ஓடை. மீதி ஏழு பங்கு வங்காள விரிகுடா. நாற்பத்தொன்றை எட்டால் வகுத்தால் ஐந்து வந்துவிடுகிறது. விமல் ஏமாற்றவில்லை. அவனுடைய எண்களை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாங்கி வைத்துக்கொண்டு, ‘கழிமுகம்தானே, உப்பு இருக்கத்தான் செய்யும்’ என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டவள் ஒருத்தி இருக்கிறாள்.

திருமலை சேற்றில் இறங்கி, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க நைனா போறீங்க?” என்று அன்புக்கரசி கேட்டாள்.

“இறால் தடவத்தான். தண்ணி வத்துனாதானம்மா கைக்கு மாட்டும்? இன்னும் கொஞ்சம் வத்தட்டும்.” தன் காலைப் பார்த்துச் சொறிந்துகொண்டார். “இந்தத் தண்ணி நமைக்குதுன்னு போன வருசம் கம்பெனி ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். பேப்பர எடுத்துக் காட்டினாங்கோ. தண்ணி நல்லாக் கீது, டெஸ்ட் பண்ணியாச்சு, கையெழுத்தெல்லாம் போட்டுக் கீதுன்னாங்கோ. அப்பால நம்ம ரத்தத்துலதான் இன்னாவோ கோளாறுன்னு வுட்டுட்டேன்.”

விமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. அந்த மௌனம் அவளைக் கன்னத்தில் அறைந்தது. அவன் பெயரைப் பகலவனிடம் தூக்கிக் கொடுத்தவளுக்கு அவன் கொடுக்கும் மரியாதை அது. நான்தான் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நேரமாகிறது என்று முனகி, விமலை மாமாவோடு விட்டுவிட்டு, அலெக்ஸாண்டர் நடந்த குழாய்க் கரைமேல் ஏறி ஓட்டமும் நடையுமாகப் போய் நெடுஞ்சாலையில் ஆட்டோ பிடித்தாள்.

கூடத்துக்குள் நுழைந்தபோது மூன்று ஐம்பது. சேறு காய்ந்த காலோடு பகலவன் முன்னால் நின்று, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். அவர் முட்டாள் இல்லை. நாலாவது படத்திலேயே புரிந்துகொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி. விமல் மேல தப்பு இல்ல. பேர எடுத்துடலாம்” என்றார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “அலெக்ஸாண்டர் சாம்பிள் எடுத்த முறை சரியில்லன்னு அந்த ஒண்ண மட்டும் தள்ளிடு. அவனுக்கு வேலையெல்லாம் போகாது, ஒரு ட்ரெயினிங் போட்டுக்கலாம். விமலும் பொழச்சான், நீயும் பொழச்ச. இருபத்து மூணு ரிப்போர்ட்டையும் தப்புன்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? கையெழுத்து என்னோடது இல்ல அன்பு, உன்னோடது.”

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ரொம்பவே பிடித்திருந்தது. விமலைக் காப்பாற்றத்தானே அவள் போனாள்? அவன் காப்பாற்றப்பட்டுவிட்டான். வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு படுத்துவிடலாம். பதினான்கு வருட வேலை, ‘அன்புக்கரசி பார்த்தால் சரியாக இருக்கும்’ என்ற பெயர், எல்லாம் அப்படியே இருக்கும்.

கணினி முன் உட்கார்ந்தாள். ஏழாவது கட்டத்தில் இருந்த பெயரை அழித்தாள். கர்சர் குச்சி மட்டும் வெற்றுக் கட்டத்தில் மின்னி மின்னி நின்றது. கூடையைக் கட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரின் கால்கள்தான் கண்ணில் நின்றன. பேப்பரை நம்பித் தன் ரத்தத்தையே சந்தேகப்பட்டவர்.

‘அன்புக்கரசி, தரப் பொறுப்பாளர்’ என்று தட்டினாள். அதற்குக் கீழே: ‘ஓடையின் சாம்பிள்கள் கடல் ஏற்றத்தில் மட்டுமே எடுக்கப்பட்டுள்ளன. உப்பளவு அதைக் காட்டியும் நான் கவனிக்கவில்லை. இருபத்து மூன்று அறிக்கைகளும் திரும்பப் பெறப்படுகின்றன. இருபத்து நான்காவது மட்டுமே சரியானது.’ அறிக்கை எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பகலவன் பின்னால் வந்து நின்றார். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அவள் அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.

உடனே விமலுக்குப் போன் போட்டாள்.

“உன் பேரு இல்ல விமல். எடுத்துட்டேன்.”

எதிர்ப்பக்கம் விசும்பல் கேட்டது.

“அழுவாத, நான் சொல்றதக் கேளு. தண்ணி கெட்டுப்போய்க் கீதுன்னு மாமாகிட்ட சொல்லு. அந்தப் பேப்பர் பொய்யி. அதுல கையெழுத்துப் போட்டவ நான்தான்னும் சொல்லு. அவர் ரத்தத்துல ஒண்ணும் இல்ல. இனிமே அதுல எறங்க வாணாம்னு சொல்லு.”

“அக்கா...” என்றான் விமல். “தண்ணி நல்லா வத்திப் போச்சுக்கா. அவுரு அப்பவே எறங்கிட்டாரு. ஓடை வாய்லதான் நிக்கிறாரு, நெஞ்சு வரைக்கும் தண்ணில குனிஞ்சிகினு.”

“கூப்புடு” என்றாள். “கத்திக் கூப்புடுடா.”

போனை அவன் காதிலிருந்து எடுத்தது தெரிந்தது. காற்று இரைந்தது. தூரத்தில் அவன் “மாமா! மாமா!” என்று கத்திக்கொண்டே சேற்றில் ஓடுவதை, அன்புக்கரசி போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.