நாலாம் நம்பரின் இரண்டாவது அடி

ஜீவானந்தம் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை வாங்கத்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஜெபினும் ஸ்ம்ருதியும் சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் சேலையூரில் நிகழ்ச்சி. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. பாட்டுக்குச் சொந்தக்காரர் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. இப்படி முன்யோசனை உள்ள பிள்ளைகளை எங்கே போய்த் தேடுவது, சொல்லுங்கள்.

ஜீவானந்தம் யாரென்று தாம்பரத்தில் பழைய ஆட்களைக் கேட்டால் வேலையை விட்டுவிட்டுச் சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஐந்து பையன்கள் சேர்ந்து 'ஏரிக்காற்று' என்று ஒரு பாட்டுக் குழு நடத்தினார்கள். சினிமாப் பாட்டைத் தொட மாட்டார்கள், எல்லாம் சொந்தச் சரக்கு. பாட்டுக் கட்டியது, கிட்டார் வாசித்தது, பாதி நேரம் பாடியது எல்லாம் ஜீவானந்தம்தான். பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் பிள்ளையார் சதுர்த்திப் பந்தலிலும் கிறிஸ்துமஸ் இரவிலும் அவர்கள் கேசட்தான் ஓடும். 'இரண்டாம் பிளாட்பாரம்' என்று ஒரு பாட்டு. வராத பெண்ணுக்காக ஒருவன் ரயிலை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நிற்பான். அதைக் கேட்டுக் கண் கலங்காத ஆளைத் தாம்பரத்தில் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பிறகு ஒருநாள் குழு நின்றுபோனது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. காதல் தோல்வி என்றார்கள், பங்காளிச் சண்டை என்றார்கள், துபாய் விசா என்றார்கள். ஜீவானந்தம் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டுகளைப் பாட அனுமதி கேட்டுப் போன அத்தனை பேரையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்.

அந்தப் பாட்டுகளைத்தான் ஜெபின் கையில் எடுத்திருந்தான். அவனும் ஸ்ம்ருதியும் நடத்திய குழுவுக்குக் 'கசடு' என்று பெயர். கறுப்புச் சட்டை, கண்ணில் அப்பிய மை, ஒப்பாரியைப் பாதி வேகத்தில் இழுத்த மாதிரி ஒரு குரல், அதன் அடியில் இரும்பு அடிக்கிற, அறுக்கிற, உராய்கிற சத்தங்கள். கோதிக் என்பார்கள், இண்டஸ்ட்ரியல் என்பார்கள். ஜெபினின் அக்கா ஏஞ்சல் முதல்முறை கேட்டபோது, எழவு வூட்ல வெல்டிங் வெச்ச மாதிரி கீது என்றாள். ஆனால் அவனுக்கு முதல் கீபோர்டை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஸ்ம்ருதிக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அக்காவும் தம்பியும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு யூனிட்டில் இருந்தார்கள். ஜெபின் தரம் பார்க்கிற பிரிவு, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அளவு எடுப்பான். ஏஞ்சல் வெளியே பிரஸ் ஓட்டினாள். இரும்புத் தகட்டை அச்சுக்கு நடுவில் கையால் வைத்து, கையை எடுத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து எமகனமான மேல் அச்சு இறங்கி ஒரே நசுக்கில் தகட்டை வடிவமாக்கும். ஒரு மிதிக்கு ஒரு அடி. பிரஸ் ஓட்டுகிறவர்களின் விரல் எல்லாம் அந்த ஒரு கணக்கை நம்பித்தான் இருக்கிறது.

போன வாரம் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஏஞ்சல் சொன்னாள். "நாலாம் நம்பர் மெஷினு ஒரு மாதிரி கீதுடா. பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டேன், அதும்பாட்டுக்கு இன்னொரு தபா எறங்குது. அன்பு சார் கைல சொன்னா, டார்கெட்டை முடிம்மா, அப்பால பார்க்கலாங்கிறாரு."

ஜெபின் இட்லியைக் கீழே வைத்துவிட்டான். எப்போதெல்லாம் இறங்குகிறது, முதல் அடிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, சத்தம் அதே கனமா இல்லை லேசா என்று துருவித் துருவிக் கேட்டான். தம்பிக்குத் தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று ஏஞ்சலுக்கு மனசு நிறைந்துபோனது. அவள் தட்டில் இன்னொரு இட்லி வைத்ததுகூட அவன்தான்.

மறுநாள் டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவன் பிரஸ் பகுதிக்குப் போனான். அங்கே யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் லாக்கரில். தரப் பிரிவுக்காரர்களுக்கு மட்டும் சாம்பிளைப் படம் எடுத்து அனுப்ப அனுமதி உண்டு. போனில் பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைத்து நாலாம் நம்பர் பக்கத்தில் நின்றான். அக்கா சிரித்தாள். அவனும் சிரித்தான். தட். தட். தட்-தட். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூப்பிடாமல் வந்து விழுந்த அந்த இரண்டாவது அடியை எந்த டிரம்மரும் அப்படி அடிக்க மாட்டான். அது ஆபத்து என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும், பரீட்சை வைத்தால் எழுதியே காட்டுவான். ஆனால் பாட்டுக்காரனுக்குக் காது ஒரு பக்கம் போய்விட்டால் புத்தி அந்தத் திசைக்கே எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சத்தத்தை வெட்டி, சுழலவிட்டு, 'இரண்டாம் பிளாட்பாரம்' அடியில் போட்டான். ஸ்ம்ருதி அதன் மேல் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற குரலில் பாடினாள். இதுதான் நம்முடைய நல்ல பாட்டு என்று இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அதைத்தான் இப்போது ஜீவானந்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடியிருந்தார். இடது கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்ம்ருதியின் குரல் இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது அவர் தாடை இறுகியது. அவ்வளவுதான், எழுந்து வெளியே போ என்று சொல்லப் போகிறார் என்று ஜெபின் சோபாவிலிருந்து பாதி எழுந்துவிட்டான். சார், பிடிக்கலைன்னா இந்த ஒரு பாட்டை விட்டுடறோம் என்று ஸ்ம்ருதி அவசரமாக ஆரம்பித்தாள். அவர் இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

குழு ஏன் நின்றது என்று இருபத்தைந்து வருஷமாக ஊர் கட்டிய கதையெல்லாம் அந்த நொடியில் பொய்யானது. விரல் போன கையை வைத்துக்கொண்டு எந்தக் கிட்டாரை வாசிப்பது?

"இந்தச் சத்தம் எங்க எடுத்தது?" என்றார்.

ஜெபின் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். எங்க கம்பெனி பிரஸ் சார், ஒரிஜினல், எதையும் சேர்க்கலை என்றான்.

"ரெண்டாவது அடி? அதையும் சேர்க்கலையா?"

"இல்ல சார், அதுவா வருது."

"இப்ப அந்த மெஷின்ல யாரு?"

கேள்வி காதில் விழுந்து, உள்ளே இறங்கி, அக்காவின் கை ஜெபினின் கண் முன்னால் வந்து நிற்க ஒரு நிமிஷம் பிடித்தது. "எங்க அக்கா," என்றான்.

ஏஞ்சலின் போன் லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் அன்பு இரண்டு முறை போனைக் கட் செய்தார். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்திருப்பார். வாசல் செக்யூரிட்டியோ, ஷிப்ட் நடக்கும்போது ஆபரேட்டரைக் கூப்பிட எனக்கு அதிகாரம் இல்லை தம்பி என்று போனை வைத்துவிட்டார். ஸ்ம்ருதி விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, ஜெபின் பைக்கை உதைத்தான். ஜீவானந்தம் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பெருங்களத்தூரில் நின்றது. வண்டலூரில் மிருகக்காட்சி சாலைக்கு வந்த கூட்டம் ரோட்டைக் குறுக்கே கடந்து முடியவே இல்லை. கிளாம்பாக்கத்தில் பஸ்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாகத் திரும்பின. ஒவ்வொரு சிக்னலிலும் ஜெபினின் தலைக்குள் அந்தத் தாளம் சுழன்றது. தட். தட். தட்-தட். நிறுத்தித் தொலை என்று யாரைப் போய்க் கேட்பான், சுழலவிட்டதே அவன்தானே.

ஊரப்பாக்கத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது ஜீவானந்தம் அவன் காதருகில் பேசினார். "குரோம்பேட்டையில ஒரு பட்டறை. என் மெஷினும் ஒரு வாரம் இப்படித்தான் அடிச்சுது. எனக்கும் அந்தத் தாளம் ரொம்பப் பிடிச்சிருந்தது தம்பி. அதுல ஒரு பாட்டு கட்டிக்கிட்டே தகடு வெச்சுக்கிட்டு இருந்தேன்."

ஜெபின் லாரியை இடது பக்கமாக, மண்ணில் இறக்கி முந்தினான்.

கேட்டில், இவர் மெஷின் பார்க்க வந்த சார் என்று ஒரு பொய்யைச் சொல்லி உள்ளே ஓடினார்கள். பிரஸ் பகுதியில் வழக்கமான இரைச்சல், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. தூரத்தில் நாலாம் நம்பரில் ஏஞ்சல் இவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் அடைப்பான். தகட்டை வைத்தாள், கையை எடுத்தாள், மிதித்தாள். இரண்டு கையும் முழுசாக இருந்தன. அப்பாடா என்று ஜெபினுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தோளைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தான்.

ஜீவானந்தம் அவன் காலரைப் பிடித்து நிறுத்தினார். பிரஸ்ஸில் இருப்பவளைப் பின்னாலிருந்து தொடக்கூடாது. திடுக்கிட்டால் கை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, கால் பெடலில் இருக்கிறது. ஜெபின் சுற்றிக்கொண்டு ஓடி, பக்கவாட்டில் இருந்த சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அறைந்தான்.

மோட்டார் நின்றது. ஏஞ்சல் தலையைத் தூக்கினாள். மோட்டார் கெட்டுவிட்டது போல என்று நினைத்திருப்பாள். மெஷின் நின்றால் யாரும் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள். பெடலிலிருந்து காலை எடுத்தாள், அச்சில் இருந்த தகட்டை எடுக்கக் கையை உள்ளே நீட்டினாள்.

மோட்டார் நின்ற பிறகும், அச்சை இறக்குகிற பெரிய சக்கரம் மேலே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதை ஜெபின் பார்த்தான். கத்தினான். அவன் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. பட்டனிலிருந்து அவளிடம் எட்ட அவன் கை நீளம் போதாது. அவள் கை தகட்டைத் தொட்டுவிட்டது.

அப்போது எதிர்ப்பக்கம் வந்து நின்றிருந்த ஜீவானந்தம் தன் இடது கையைத் தூக்கினார். இருபத்தைந்து வருஷம் வேட்டி மடிப்பிலும் பாக்கெட்டிலும் ஒளித்து வைத்த கையை விரித்து, அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். முன்பின் தெரியாத ஒரு மனுஷர், மூன்று விரலோடு ஒரு கை. பிரஸ் ஓட்டுகிறவளுக்கு அதற்கு மேல் எந்த மொழியும் தேவையில்லை. ஏஞ்சலின் கை வெளியே வந்தது.

தட்.

பெடலில் யார் காலும் இல்லை. மோட்டார் ஓடவில்லை. நாலாம் நம்பர் தானாக இறங்கி, அவள் கை இருந்த இடத்தில் இருந்த தகட்டை நசுக்கிவிட்டு, நிதானமாக மேலே போனது. பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓடிவந்த அன்பு அச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏஞ்சல் காதடைப்பானைக் கழற்றினாள். அன்புவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள்.

"உன் கைல தானேடா சொன்னேன்," என்றாள். "நீ வந்து போன்ல புடிச்சினு போயிட்டே."

ஜெபினின் கை சட்டைப் பையில் இருந்த போனைப் பொத்திக்கொண்டது.

நாலாம் நம்பரில் 'பழுது' என்று பலகை மாட்டினார்கள், மின்சாரத்தைப் பிடுங்கினார்கள், மேலிடத்துக்குப் போன் பறந்தது. கேண்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தபோது ஜீவானந்தம்தான் பேச்சை எடுத்தார். பாட்டை எடுத்துக்கோ என்றார். இனிமேல் தனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை என்றார். ஸ்ம்ருதி நன்றாகப் பாடுகிறாள், வராத ஆளுக்கு நிற்பது அப்படித்தான் இருக்கும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, அந்த ரெண்டாவது அடி மட்டும் வேண்டாம். கேட்க வந்த 'சரி' கிடைத்துவிட்டது.

அந்த ராத்திரி உட்கார்ந்து இரண்டாவது அடியை எல்லா இடத்திலிருந்தும் வெட்டினான். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க மனசு வரவில்லை. வெறுமனே விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர் அரங்கு நிறைந்திருந்தது. பழைய ரசிகர்கள் சண்டை போடுகிற முகத்தோடுதான் வந்திருந்தார்கள். 'இரண்டாம் பிளாட்பாரம்' பாதி ஓடியபோது முறைப்பு போய்விட்டது, ஒரு பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தாளம் ஓடிவந்து ஓர் இடத்தில் சட்டென்று ஒன்றுமில்லாமல் போகும், பிறகு தொடரும். அந்த வெற்றிடத்தை ஏதோ புது பாணி என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

முதல் வரிசையில் ஜீவானந்தத்துக்குப் பக்கத்தில் ஏஞ்சல் உட்கார்ந்திருந்தாள். ஜெபின் மேடையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். தட். தட். தட். அடுத்து அந்தச் சத்தமில்லாத இடம் வந்தது. மடியில் இருந்த ஏஞ்சலின் இரண்டு கைகளும் தாமாகவே வெடுக்கென்று மார்போடு ஒட்டிக்கொண்டன. பாட்டு முடிகிறவரை, ஒவ்வொரு முறையும்.