விமானத்துக்கு ஒரு சாம்பல் துணி

துணிக்கடைக்கு வந்து விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். துணியின்மேல் டார்ச் மாதிரி, நிறத்தை அளந்து திரையில் கோடாகக் காட்டும் ஒரு கருவியை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது என் அக்கா மகள் ஒருத்திதான்.

கடலடியில் புல் வளர்ப்பது அவள் உத்தியோகம். மூன்று வருஷத்துக்கு முன் அவளும் கூட்டாளிகளும் முங்கி முங்கி நட்டார்கள். அது பிழைத்ததா என்று விமானத்திலிருந்து ஒரு கேமரா பார்த்துச் சொல்லும். நம் கண்ணுக்கு எட்டாத நிறங்களையும் பிரித்துப் பார்க்குமாம். ஆனால் தராசுக்குப் படிக்கல் மாதிரி, அதற்குக் கரையில் ஒரு சாம்பல் துணி விரிக்க வேண்டும். ஒத்திகைக்கு விரித்ததை அலை வாரிக்கொண்டு போய்விட்டது. நாளைக் காலை நீர் வற்றும் நேரத்தில் பறக்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

"இதுக்கா இந்த மூஞ்சி? என் கடையில இல்லாத சாம்பலா?" அலமாரியையே கவிழ்த்தேன்.

கருவியை வைத்தாள். "நம்ம கண்ணுக்குத்தான் சாம்பல், மாமா. கேமராவுக்கு வெள்ளை வெளேர்னு தெரியும்."

"சரி, இந்தக் கறுப்பு? இதுல கோட்டு தச்சவங்க எல்லாம் பெரிய மனுஷங்க."

"அகச்சிவப்புல பார்த்தா அத்தனை பேரும் வெள்ளைக் கோட்டுதான்."

"மெதுவா பேசுடி! வாசல்ல வக்கீல் நிக்கிறார்."

போட்டதெல்லாம் தோற்றது. கண்ணை நம்பிப் பிழைத்த குடும்பத்தின் மானம் கப்பலேறியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவள் கண் கலங்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்குப் போனவள் அண்ணாந்து பார்த்தாள். வெயிலுக்குக் கட்டிய படுதா. வாங்கியபோது வெள்ளை, லாரிப் புகை குடித்துச் சாம்பலாகி இந்தக் கதிக்கு வந்தது. அதை மாற்றச் சொல்லி என் மனைவி சண்டை போடாத நாள் கிடையாது.

ஸ்டூலில் ஏறிக் கருவியை வைத்தவள் கத்தினாள்: "மாமா! கோடு நேரா போகுது! புகைக்கரி எல்லா ஒளியையும் ஒரே மாதிரி முழுங்குது!"

வியாபாரி ரத்தம் சும்மா இருக்குமா? "அது அபூர்வ சரக்கும்மா. சும்மா தூக்கிக் குடுத்துட முடியுமா?"

"என்ன வேணும், சொல்லுங்க."

"படம் வந்ததும் முதல்ல என் துணியைக் காட்டணும். புல்லெல்லாம் அப்புறம்."

என் மனைவிதான் முதல் ஆளாக முடிச்சை அவிழ்த்தாள். "இதைக் கழட்ட ஒரு விமானமே வரவேண்டியிருந்துச்சு பாரு!"

அடுத்த வாரம் அக்கா மகள் லேப்டாப்பும் கையுமாக வந்தாள், சுருட்டிய படுதாவோடு. சொன்ன சொல் தவறவில்லை. "இதோ, கரையில சின்னச் சதுரம். உங்க துணி."

"அம்சமா இருக்கு. புல்?"

"நாங்க நட்டது இந்தக் கட்டத்துக்குள்ள." விரல் கட்டத்தைத் தாண்டியது, அதையும் தாண்டி ஓடியது. "இப்ப இருக்கறது இதுவரைக்கும்!"

"பாசியா இருக்கப்போகுது," என்றேன், பழக்கதோஷத்தில்.

"பாசிக்கு நிறக்கோடு வேற. நானே இறங்கியும் பார்த்துட்டேன். புல்லேதான், மாமா!" சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள். "திட்டத்தை நீட்டிச்சாச்சு. அடுத்த வருஷமும் இதே துணி வேணும். தூசி மட்டும் தட்டுங்க, துவைச்சுடாதீங்க!"

அவள் படுதாவை வைத்த இடத்தைப் பார்த்தேன். காலி. கொல்லைப்புறம் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம்.

"அத்தை!" என்று அலறிக்கொண்டு அவள் முன்னே ஓட, நான் பின்னே ஓடினேன்.

ஒரு கையில் சோப்பு, மறு கையில் படுதாவின் நுனி. இன்னும் நனையவில்லை. என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, சோப்பைக் கீழே வைத்தாள்.