அடுத்து எதை மாற்றுவது

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு 'நான் மேடம்' என்று பட்டப்பெயர். செயலாராய்ச்சி வகுப்பு அவளுடையது. வகுப்பறையில் ஒரு சிக்கல் என்றால் ஆசிரியர் தன் நடைமுறையில் ஒன்றை மாற்றி, என்ன ஆகிறது என்று கவனிக்க வேண்டும். சரிவரவில்லையென்றால் இன்னொன்றை மாற்ற வேண்டும். 'பிள்ளைகள் ஏன் படிப்பதில்லை?' என்று யாராவது கேள்வி எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையால் ஒரே கோடு. "பிள்ளைங்க மேல ஏம்மா புகார் எழுதுற? நான் எதை மாத்தினா அவங்க படிப்பாங்கன்னு எழுது."

அன்றும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடாமல் நின்றது. எல்லோரும் மைனா என்று கூப்பிடும் வாயாடி, கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள்.

"மேடம், இந்த ஃபேன் சுத்தலையே, நான் எதை மாத்திக்கிட்டா சுத்தும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கீழுதட்டின் வெடிப்பு பிளந்து இரத்தம் முகவாயில் இறங்கியது. கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு, "உதடு காய்ஞ்சு போச்சு" என்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. போன மாதம் கண்ணுக்குக் கீழே கன்றியிருந்ததற்கு அலமாரிக் கதவு காரணம்; அதற்கு முன் மணிக்கட்டு வீங்கியதற்குக் குளியலறைத் தரை. வீட்டுச் சாமான்களெல்லாம் சேர்ந்து அவள்மேல் வஞ்சம் வைத்திருப்பதாகக் கல்லூரி நம்பியது, அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டது.

கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். அடிப்பதும் அவர்தான், அடித்து முடித்து மருந்து போடுவதும் அவர்தான். பஞ்சை நனைத்து, ஊதி ஊதித் துடைப்பார். "எரியுதா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இருந்த பரிவு பொய்யில்லை. அதுதான் அவளை இத்தனை காலம் குழப்பியது.

அவள் வீட்டிலும் செயலாராய்ச்சி நடத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை, எல்லாம் மனசுக்குள்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. முதலில் எதிர்ப்பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நாள் அமைதியாகப் போனது. பலித்துவிட்டது என்று அவள் நினைக்கத் தொடங்கியபோது, "நான் தொண்டை கிழியப் பேசுறேன், நீ கல்லு மாதிரி நிக்கிற!" என்று இஸ்திரிப் பெட்டியை அவள் முதுகில் எறிந்தார். சரி, அளவாகப் பதில் சொல்லிப் பார்க்கலாம். சொன்னாள். "எனக்கே பாடம் நடத்துறியா?" தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, கை கழுவும் தொட்டியின் விளிம்பில் நெற்றியை மோதினார். ஒரு தடவை. பிறகு, முதல் தடவை சரியாக விழவில்லை என்பதுபோல் இன்னொரு தடவை. சத்தம் பிடிக்கவில்லையோ என்று அடுப்படி மேடையில் துணி விரித்து அதன்மேல் பாத்திரங்களை வைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும், காதுக்குள் இரைச்சல் அடங்கும் முன்பே, உள்ளே ஒரு டீச்சர் குரல் நிதானமாகக் கேட்கும்: அடுத்து எதை மாற்றுவது?

கீழ் வீட்டில் இருந்த நாத்தனாரும் ஏறக்குறைய அதையே கேட்டாள். "என் தம்பி முன்கோபிதான், நான் இல்லேங்கல. நீதானே படிச்சவ? அவன் மூஞ்சியைப் பார்த்து நடந்துக்கத் தெரியாதா?"

போன வாரம் மாடிப்படியின் உச்சியில் கணவர் அவள் கழுத்தைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். குதிகாலுக்குக் கீழே தரையில்லை. சிமெண்டுப் படிகள் தலைகீழாகத் தெரிந்தன. "விட்டுடவா?" என்றார், குழந்தையிடம் விளையாடுவதுபோல. விடவில்லை. அடுத்த முறை விட்டுவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தும், மூச்சு திரும்பியதும் அவள் யோசித்தது, மாடியில் துணி காயப்போடும் நேரத்தை மாற்றலாமா என்றுதான்.

உதட்டுக் காயம் ஆறும் முன்பே, மைனா பயிற்சிக்குப் போயிருந்த பள்ளிக்கு அவள் பார்வையிடப் போகவேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாடம் நடந்தது, ஆனால் சத்தமே இல்லை. மைனா வாயைத் திறக்காமல் கரும்பலகையில் எழுதினாள். பிள்ளைகள் விடையை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினார்கள். பெஞ்சுக் கால்களில் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. முன் வரிசைச் சிறுமி ஒருத்தி, வந்த தும்மலை இரண்டு கையாலும் பொத்தி, கண் பிதுங்க அடக்கிக்கொண்டாள்.

மைனா கடைசி பெஞ்சுக்கு வந்து குனிந்து கிசுகிசுத்தாள். "பக்கத்து கிளாஸ் கணக்கு சார் மேடம். சத்தம் கேட்டா ரப்பர் குழாயோட வந்துடுவார். எங்க படுதோ அங்க அடி. ஒருத்தனுக்குக் காது கிழிஞ்சுது."

"தலைமையாசிரியை கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். முதல்ல கிளாஸைக் கட்டுப்படுத்தக் கத்துக்கோன்னாங்க. அதான் இதையே என் ஆராய்ச்சியா வெச்சுக்கிட்டேன். நான் எதை மாத்தினா அவர் வரமாட்டார்னு. குழுவா பேசுறதை நிறுத்தினேன், அப்புறம் சேர்ந்து வாசிக்கிறதை. அப்புறம் பெஞ்சுக்குத் துணி. இப்போ நல்லாக் குறைஞ்சிருக்கு மேடம்."

சொல்லும்போது அந்த முகத்தில் பெருமை இருந்தது. அவள் குனிந்து பெஞ்சுக் காலைப் பார்த்தாள். அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். தன் அடுப்படியில் விரித்த அதே துணி.

கதவு திறந்தது. கணக்கு சார் கையில் பச்சைக் குழாய்.

"என்ன, பாடம் நடக்குதா? பொணம் காக்குறீங்களா?"

சிறுமியின் தும்மல் அப்போதுதான் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

குழாய் சிறுமியின் தோளில் விழுந்தது. அட்டை கீழே போயிற்று. அடுத்தது கழுத்தில், தோல் கயிறு போலத் தடித்து எழும்பியது. சிறுமியின் வாய் அகலத் திறந்திருந்தது, ஆனால் அழுகை வரவில்லை. சத்தமில்லாமல் அழவும் பழகியிருந்தாள்.

மைனா வெளுத்த முகத்தோடு திரும்பினாள். "மேடம், அடுத்து நான் எதை மாத்தணும்?"

அவள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து குறுக்கே ஓடினாள். அடுத்த அடி அவளுடைய முன்னங்கையில் விழுந்தது. வலி பழையதுதான், ஆனால் இந்த முறை உள்ளேயிருந்து அந்தக் குரல் எதுவும் கேட்கவில்லை. குழாயின் நுனியைப் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"யாருங்க நீங்க? விடுங்க!"

விடவில்லை. அவர் அவளைக் கரும்பலகையில் கொண்டுபோய் மோதினார். சாக்பீஸ் வைக்கும் சட்டம் முதுகெலும்பில் இறங்கியது. தொண்டையை நோக்கி வந்த கையை அவள் பல்லால் கவ்வினாள். வாயில் உப்புக் கரித்தது. அவர் அலறிப் பின்வாங்கியபோது குழாயை வெடுக்கென்று இழுத்தாள். துணி சுற்றிய பெஞ்சுக் காலில் தடுக்கி, முகம் குப்புற விழுந்தார். பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

குழாய் இப்போது அவள் கையில். அவர் முதுகு கீழே, தோதாக இருந்தது. அடிக்க ஆசையாக இருந்தது. அந்த ஆசை இனிப்பாக இருந்ததை அவள் உணர்ந்தாள். தொட்டி விளிம்புக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, படிக்கட்டுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. கை தானாக மேலே போயிற்று. பிள்ளைகள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், தலைமேல் கையைக் குவித்துக் குனிந்தார்கள்.

கையை இறக்கினாள்.

"உன் கேள்வியைக் கெடுத்தது நான்தான்" என்றாள் மைனாவிடம், மூச்சு வாங்க. "அவர் அடிக்கிறதுக்கு நீ எதையும் மாத்த வேண்டாம்."

மைனா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டாள். பிறகு அந்தச் சிறுமியை இழுத்து அணைத்துக்கொண்டு, "அழுடி தங்கம்" என்றாள். "சத்தமா அழு. எல்லாரும் அழுங்க!" அடக்கி வைத்த சத்தம் முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தது. பள்ளிக்கூடமே ஓடிவந்தது.

சிறுமியின் அம்மா வந்ததும் எல்லோரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். குழாயை மேசைமேல் வைத்தார்கள். புகார் எழுதிய பெண் காவலர், அவள் கையிலிருந்த தடிப்பைப் பார்த்தார். பிறகு பார்வை உதட்டுக்குப் போய், நெற்றித் தழும்பில் நின்றது.

"கை அந்த ஆள் அடிச்சது. இது?"

அலமாரிக் கதவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "அது வேற ஆள்."

"வீட்லயா? நீங்க என்ன சொன்னீங்க, எதுல ஆரம்பிச்சுது?"

"நான் எல்லாத்தையும் மாத்திப் பார்த்துட்டேன். பேசிப் பார்த்தேன், பேசாமப் பார்த்தேன். அடுத்த தடவை மாடிப்படியிலேர்ந்து தள்ளிடுவார். என் வீட்டுக்காரர். மருந்துக்கடை வெச்சிருக்கார். பேர் சொல்றேன், எழுதிக்கோங்க."

காவலர் புதுத் தாள் எடுத்தார்.

மைனா பக்கத்து நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு வீட்டுக்குப் போகாதீங்க மேடம். எங்க ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு." தயங்கி, "ஃபேன்தான் சுத்தாது" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு மறுபடி பிளந்தது. கைக்குட்டையை எடுக்கப்போன கையைப் பாதியில் நிறுத்தி, காவலர் பார்க்கட்டும் என்று முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.