நடுவில் ஒருத்தி

ஊலீபிகா மைக்கைத் தன் பக்கம் இழுத்தபோது என் காதுக் கருவியில் முதலில் அவளுடைய மூச்சுதான் கேட்டது. விடுதிப் பள்ளி நினைவுகளைப் பதிவு செய்ய, பனி சூழ்ந்த எங்கள் வடகோடி ஊருக்குத் தெற்கிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவள் எங்கள் மொழியில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பேசுபவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை.

காலையில் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததுமே வேறு ஆளைப் போடச் சொல்லியிருக்கலாம். பள்ளியைப் பற்றி இத்தனை காலம் வாய் திறக்காதவள், இன்றும் திறக்கமாட்டாள் என்று நம்பிவிட்டேன்.

"அப்ப எனக்கு எட்டு வயசு," என்றாள். "தங்கச்சி மீரிக்குக் காய்ச்சல். அம்மா கொஞ்சுற மாதிரி நம்ம பாஷையில அவகிட்ட பேசிட்டிருந்தேன். பள்ளியில அது பேசக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரி போயி டீச்சர்கிட்ட சொல்லிட்டா. மீரிய வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. திரும்பக் கிடைச்சப்ப அவளுக்கு நம்ம பாஷையில ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்ல. இன்னிக்கும் நாங்க பேசிக்கணும்னா நடுவுல ஒரு ஆள் வேணும்."

மூன்றாம் வரிசையில் மீரி, காதுக் கருவியோடு என் ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தாள். காய்ச்சலில் கொஞ்சியது வரை சொல்லிவிட்டேன். அடுத்த வரியை விழுங்கினால் யாருக்கும் தெரியாது. ஊலீபிகாவுக்கு ஆங்கிலம் வராது. மீரிக்கு எங்கள் மொழி வராது.

"ஏதாவது பிரச்சினையா?" என்றார் ஓர் அதிகாரி.

"நான் போய் டீச்சரிடம் சொன்னேன்," என்றேன் ஆங்கிலத்தில். "இந்த 'நான்' ஊலீபிகா இல்லை. ரீபா. பக்கத்துக் கட்டில் என்னுடையது."

மீரி நிமிர்ந்தாள். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊலீபிகா என் பக்கம் சாய்ந்தாள். "என்னடி சொன்ன, எல்லாரும் முழிக்கிறாங்க?"

"போட்டுக் குடுத்தது நான்தான்னு சொன்னேன். சொன்னதுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் தந்தாங்க, ஊலீபிகா. பசி."

"தெரியும். தோல உன் தலகாணிக்கு அடியில பார்த்தேன்."

"அப்பவேவா?"

"பின்ன? இன்னிக்கு மொழிபெயர்க்க நீதான் வேணும்னு எதுக்குக் கேட்டு வாங்கினேன்?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. "மன்னிச்சிட்டேன்னு நினைச்சிக்காத. அத இன்னும் முடிவு பண்ணல. மீதியச் சொல்லு. காய்ச்சல்ல கிடந்தப்ப அவள என்ன பேரு சொல்லிக் கொஞ்சினேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. டீச்சரிடம் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தேன்.

மைக்கை நெருங்கினேன். அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் மாற்றாமல் அப்படியே சொன்னேன். மீரி காதுக் கருவியை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். அவள் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின.