பிரிக்காத சிவப்பு நூல்

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் புகைப்படத்தை விளக்கடியில் பிடித்தார். தொலைதூர நாடொன்றின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுப்போகவென்று ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போன வருடம் அவர் இலவசமாகத் தைத்துக் கொடுத்த நீலக் கவுன்களைப் போட்டுக்கொண்டு சிறுமிகள் வரிசையாக நின்றார்கள். படத்தின் பின்பக்கம் போன வாரத் தேதி.

"ஏங்க, மிஷின் சத்தத்தையே காணோம்?" என்றாள் பொத்தான் கட்டிக்கொண்டிருந்த மனைவி.

"இங்க வந்து பாரு. கவுன் பை வாய்ல சிவப்பு நூல் அப்படியே இருக்கு."

புதுத் துணியின் பை தொளதொளக்காமல் இருக்க, அதன் வாயை லேசாக நூல் ஓட்டி மூடுவது அவர் வழக்கம். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுவார்கள். போன வருடம் வெள்ளை நூல் தீர்ந்துபோய்ச் சிவப்பில் ஓட்டியிருந்தார்.

"ஒரு வருஷமா பைக்குள்ள கை விடாத பிள்ளை எங்கயாவது உண்டா? பள்ளிக்கூடமே கிடையாதுடி. பெட்டியில பூட்டி வெச்சு, படம் எடுக்கிற அன்னைக்கு மட்டும் யார் பிள்ளைகளையோ கூட்டிவந்து மாட்டி விடறானுங்க."

"உங்களுக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? நேத்து என் டப்பாவுல பொத்தானையே எண்ணிப் பார்த்தீங்க."

அது உண்மைதான். வாடிக்கையாளர் சொல்லும் இடுப்பளவைக்கூட அவர் நம்புவதில்லை. இந்த வருடக் கவுன்களுக்கு வெட்டி வைத்திருந்த துணியை அப்படியே மூட்டை கட்டி ஓரம் வைத்துவிட்டு, தொண்டு நிறுவனத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகத்தில் கடிதங்களைப் பார்க்கும் அம்மாள் அந்த நாட்டு மொழி தெரிந்தவர். புகைப்படத்தை அவர் மேசையில் பட்டென்று வைத்தார் தையல்காரர்.

"இனிமே ஒரு தையல் போட மாட்டேன். யார் காதுல பூ சுத்தறீங்க?"

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அலமாரியைத் திறந்து ஒரு கடிதக் கட்டை எடுத்துப் போட்டார். "அந்தப் பிள்ளைங்களே எழுதினது சார். எல்லாம் நன்றிக் கடிதம்." ஒவ்வொன்றின் மேலும் 'நன்றிக் கடிதம்' என்றே முத்திரை குத்தியிருந்தது.

"நன்றின்னா ஒரு பக்கத்துக்கா எழுதுவாங்க? ஒண்ணை முழுசா படிங்கம்மா."

அம்மாள் மேலே இருந்ததைப் பிரித்தார். முதல் வரி நன்றிதான். இரண்டாவது வரியில் அவர் குரல் தடுமாறியது.

"கவுனைப் போட்டுக்கொண்டு பள்ளி வாசல் வரை போனோம். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று உள்ளே விடவில்லை. படம் எடுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிறோம். உள்ளே விடும் நாளில் புதிதாக இருக்க வேண்டும் என்று சிவப்பு நூலைக்கூடப் பிரிக்கவில்லை. பைக்குள் கை விட எனக்கு ரொம்ப ஆசை. எங்களுக்காக யாராவது கேட்பீர்களா?"

அந்தப் பிள்ளைகளையா திருட்டு நாடகத்தில் சேர்த்தோம் என்று தையல்காரர் கூசிப்போனார்.

"எல்லாமே நன்றின்னுதான் ஆரம்பிக்கும். அதோட மடிச்சு வெச்சிடுவேன்," என்றார் அம்மாள், தலை நிமிராமல்.

"மிச்சத்தையும் படிங்க. இப்பவே."

மாலைக்குள் கட்டு முழுவதும் படித்தாயிற்று. பாதிக்கு மேல் அதே கேள்விதான். அன்றே அம்மாள் அந்த நாட்டு வக்கீல் ஒருவரைத் தொடர்புகொண்டார். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம், விசாரணை, மறுபடி விண்ணப்பம் என்று எட்டு மாதம் இழுத்தது. வாரம் தவறாமல் போய், "என்னம்மா ஆச்சு?" என்று நச்சரித்தார் தையல்காரர். சந்தேகப் புத்தி அதற்காவது உதவியது.

பிறகு ஒரு புதுப் படம் வந்தது. பின்னால் வகுப்பறைக் கரும்பலகை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"பிள்ளைங்க கையையே காணோமே?"

மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "எல்லாம் பைக்குள்ளதாங்க இருக்கு. இப்பவாவது நம்புறீங்களா? எவ்வளவு பெரிய தர்மம் பண்ணியிருக்கீங்க!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரம் வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தார்.

"தர்மம்னு சொல்லாதே. கவுன் நாம கொடுத்தது, சரி. படிப்பு அவங்களுக்குச் சேர வேண்டியது. அதைக் கேக்கிற பிள்ளைகிட்ட நன்றியை மட்டும் வாங்கிக்கிட்டு கேள்வியை மடிச்சு வெச்சா, நாம கொடுத்த துணிக்கு ஒரு மதிப்பும் இல்ல."