காய் வெடிக்கும் முன்

அப்பா இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மகள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அவர்கள் இரண்டே பேர். முதலில் சொல்ல வேண்டிய ஆளிடம் போனே கிடையாது. கதவருகே காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் ரப்பர் கையுறையை, ஏனென்று தெரியாமலே எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள்.

நெட்டையர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். அப்பாவின் கூட்டாளி. அழகுக்கென்று யாரோ தோட்டத்தில் வைத்த மஞ்சள் பூச்செடி, வேலி தாண்டி வந்து ஏரிக்கரையை மதில்போல வளைத்திருந்தது. அதை ஒழிப்பதுதான் இருவருக்கும் வேலை. ஒருவர் அறுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க வேண்டும்.

“எங்க அந்த மகாராஜா? இன்னும் தூக்கம் கலையலையா?”

வாயைத் திறந்தாள். தலை மட்டும் அசைந்தது.

“தூங்கட்டும். நேத்தே முகம் சரியில்ல. நீ எறங்கு பாப்பா. காயெல்லாம் முத்தி நிக்குது. இன்னிக்கு விட்டா வெடிச்சு ஏரி பூரா விதை மிதக்கும். அப்புறம் இதைப் புடுங்க நானும் உங்கப்பனும் இன்னொரு ஜென்மம் எடுக்கணும்.”

செடியின் சாறு பட்டால் தோல் எரியும். கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அதன் விரல் நுனிகள் காலியாக மடங்கின. காய்க்கொத்தைச் சாக்குக்குள் விட்டு அதன் வாயைச் சுருக்கிப் பிடித்தாள். அவர் அரிவாளைத் தண்ணீருக்குள் விட்டுத் தண்டை அறுத்தார்.

இந்தக் கொத்து முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அதற்குள் அவர் அடுத்ததைப் பிடித்திருப்பார். வாய் ஓயாமல் அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சுக்குள் அப்பா இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிக் கொத்தும் சாக்குக்குள் போனது. நெட்டையர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். கட்டைவிரல் கிழிசலில் அப்பா ஒட்டிய சைக்கிள் டியூப் துண்டு.

“இது அவனோடதாச்சே. நான் கெஞ்சிக் கேட்டும் ஒரு நாள் தந்ததில்ல, கஞ்சப்பய. உனக்கு மட்டும் எப்படிக் குடுத்தான்?”

அவள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

“அவர் குடுக்கல மாமா. நானா எடுத்துட்டு வந்தேன்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அறுத்த இடத்தில் தண்ணீர் தெளிந்து, இடைவெளியில் எதிர்க்கரை தெரிந்தது.

“அப்பா எறந்துட்டாரு மாமா.”